திருப்பூர் மாணவியும் கிரீக்கின் கன்செர்ட்டோவும்: ஒரு நிகழ்வு ஆய்வு

ஒரு மாணவி ஒரே ஓர் உருப்படியை மேடைக்குக் கொண்டுபோன விதத்தை இங்கே பதிவு செய்கிறேன். தயாரிப்பு தொடங்கியபோது அவளுக்கு 16 வயது. திருப்பூரில் அப்போதுதான் பிளஸ் ஒன் சேர்ந்திருந்தாள். பியானோவில் கிரேடு தேர்வுகளில் கடைசியான எட்டாம் கிரேடு முடித்திருந்தாள். உருப்படி, நார்வே இசையமைப்பாளர் எட்வர்ட் கிரீக்கின் ஏ மைனர் பியானோ கன்செர்ட்டோவின் முதல் பாகம். கன்செர்ட்டோ என்றால் ஒரு தனி வாத்தியமும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிப்பது. இடம், கோவையில் ஒரு பள்ளிக் கலையரங்கம். ஆர்கெஸ்ட்ரா கிடையாது. அதன் பகுதியை இரண்டாவது பியானோவில் நான் வாசித்தேன். அவளுடைய ஆசிரியரும் நான்தான். அவளும் பெற்றோரும் சம்மதித்த பிறகே எழுதுகிறேன். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள்.

கொங்குப் பகுதியில் பியானோ படிக்கும் பிள்ளைகள் இப்போது நிறையப் பேர். கிரேடு தேர்வுகளை எழுதக் கோவைக்கு வந்தால் போதும். ஆனால் அந்தத் தேர்வு அறைக்குள் பிள்ளை தனியாகப் போகிறது, தனியாக உட்கார்ந்து வாசிக்கிறது, தனியாக வெளியே வருகிறது. எட்டு கிரேடும் இப்படியே முடிந்துவிடுகின்றன. கன்செர்ட்டோவோ முதல் அடியிலிருந்து கடைசி அடிவரை இன்னொருவரோடு வாசிப்பது. இந்த மாணவிக்கு விரல் சீக்கிரமே தயாராகிவிட்டது. காது தயாராகத்தான் மாதங்கள் பிடித்தன. அந்த மாதங்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

எந்தக் கன்செர்ட்டோ

அவள் முதலில் கேட்டது ராக்மனினாஃபின் இரண்டாவது கன்செர்ட்டோ. இந்த வயதில் பலரும் கேட்பது அதைத்தான். ஆனால் தொடக்கத்தில் பியானோ தனியாக அடிக்கும் அந்தக் கார்டுகளே, அதாவது பல சுரங்களை ஒன்றாகச் சேர்த்து அடிக்கும் கொத்துகளே, பெரிய கைக்காரரான அவர் தன் கைக்கு எழுதிக்கொண்டவை. இடது கை பத்து சுரம் எட்ட வேண்டும். இவள் கை ஆக்டேவை, அதாவது எட்டு சுர அகலத்தை, நிம்மதியாகப் பிடிக்கும், ஒன்பதாவது சுரத்தை இழுத்துப் பிடிக்கும், அவ்வளவுதான். கார்டுகளை உடைத்து வாசிக்கலாம், கச்சேரிக் கலைஞர்களிலும் பலர் அப்படி வாசிக்கிறார்கள். ஆனாலும் அந்த இழுப்பு தொடக்கத்தோடு நிற்காது, உருப்படி முழுக்கக் கூடவே வரும். வளர்கிற மணிக்கட்டில் அதைச் சோதித்துப் பார்க்க எனக்கு மனமில்லை.

ஷோபினின் ஈ மைனர் கன்செர்ட்டோவை எடுத்துப் பார்த்தோம். அதில் பியானோ நுழைவதற்கு முன்னால் ஆர்கெஸ்ட்ரா நீளமாக ஒரு முன்னுரை பேசும். முதல் முறை மேடையேறும் பெண் அத்தனை நேரம் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால், நுழைவதற்குள் விரல் சில்லிட்டுவிடும். முன்னுரையை வெட்டி வாசிக்கும் வழக்கமும் உண்டு. எனக்கு அதில் விருப்பமில்லை.

கிரீக்கின் உருப்படியில் ஒரே ஒரு பாருக்கு, அதாவது ஒரு தாளச் சுற்றுக்கு, டிம்பனி என்ற பெரிய முரசு உருளும், உடனே பியானோ மேலிருந்து கீழே கொட்டும். பயப்படவே நேரம் கிடைக்காது. அந்தக் கொட்டல் ஏ, ஜி ஷார்ப், ஈ என்ற மூன்று சுரங்களில் கட்டியது. நம் கணக்கில் மேல் ஸட்ஜம், அங்கிருந்து காகலி நிஷாதம், அங்கிருந்து பஞ்சமம். ஹார்மோனிக் மைனர் என்ற மேற்கத்திய சுரவரிசை நம் கீரவாணியின் சுரவரிசைதான் என்பதால், வீட்டில் அம்மா பாட்டு கற்றவராக இருந்த இந்தப் பெண்ணுக்கு அது முதல் நாளே காதில் ஒட்டிக்கொண்டது.

கிரீக் இதை 1868இல், 25 வயதை ஒட்டி, டென்மார்க்கில் தங்கியிருந்தபோது எழுதினார். பத்து வருடம் முன்பு, லைப்சிக்கில் மாணவராக இருந்த காலத்தில், ஷூமானின் ஏ மைனர் கன்செர்ட்டோவை கிளாரா ஷூமான் வாசிக்கக் கேட்டிருந்தார். அதன் தாக்கம் இதில் நன்றாகவே தெரியும். 1869 ஏப்ரல் 3 அன்று கோபன்ஹேகனில் எட்மண்ட் நாய்பெர்ட் முதன்முதலாக வாசித்தார். கிரீக்கால் போக முடியவில்லை, கிறிஸ்டியானியாவில் (இன்றைய ஆஸ்லோ) வேறு வேலை இருந்தது. அந்த அரங்கேற்றத்துக்குப் பியானோவைக் கொடுத்து உதவியவர் ரஷ்யப் பியானோ கலைஞர் ஆன்டன் ரூபின்ஸ்டீன். கோபன்ஹேகனிலேயே நல்ல பியானோவுக்கு ஒருவர் கை கொடுக்க வேண்டியிருந்தது என்பதை, பின்னால் கோவையில் பியானோ தேடி அலைந்தபோது நான் அடிக்கடி நினைத்துக்கொண்டேன்.

மூன்று பாகங்களும் சேர்ந்தால் சுமார் அரை மணி நேரம் வரும். முதல் பாகம் மட்டும் 13 நிமிடத்தை ஒட்டி. அதை மட்டும் எடுப்பது என்று முடிவானது. அவள் அப்பா கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, "பதிமூணு நிமிஷத்துக்கு இத்தனை மாசமுங்களா மேடம்?" என்று கேட்டார். ஆமாங்க என்றேன். மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் தலையாட்டினார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மகளை அவிநாசி வழியாகக் கோவைக்கு அழைத்து வந்தவர் அவர்தான்.

வீடும் ஹெட்போனும்

அவர்கள் வீட்டின் கீழ்த்தளத்தில் பவர்டேபிள், அதாவது பனியன் தைக்கும் கூடம், ஓடுகிறது. ஓவர்லாக், பேட்லாக் மிஷின்கள் காலையில் பிடித்தால் ராத்திரிவரை நிற்காது. ஆர்டர் நெருக்கினால் நள்ளிரவும் ஆகும். மாடி அறையில் அவளுடைய 88 கட்டை டிஜிட்டல் பியானோ. அந்தச் சத்தத்தில் ஸ்பீக்கரைப் போட்டு வாசிப்பது நடக்காத காரியம், அதனால் சின்ன வயதிலிருந்தே ஹெட்போன். மிஷின்கள் நிற்பது ஞாயிறு ஒருநாள்தான்.

இது பிள்ளையின் குறையே அல்ல. அந்தச் சத்தத்துக்கு நடுவில் எட்டு கிரேடு முடித்ததே பெரிய விஷயம். ஆனால் ஹெட்போன் ஒரு பழக்கத்தை ஊட்டிவிடுகிறது. ஒலி அறையில் போய்ப் பட்டுத் திரும்புவதில்லை, காதுக்குள்ளேயே பிறந்து அங்கேயே முடிந்துவிடுகிறது. கூட இன்னொருவர் வாசிக்கக்கூடும் என்ற எதிர்பார்ப்பே காதுக்கு வளர்வதில்லை. கேட்ட கன்செர்ட்டோக்களும் யூடியூபில், அதே ஹெட்போனில். ஆர்கெஸ்ட்ரா என்றால் அவளுக்கு வீடியோவில் பின்னால் ஓடுகிற ஒன்று. 2006இல் மும்பையில் தொடங்கிய சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியாவை நேரில் கேட்க வேண்டுமானால் ஒரு நாள் முழுக்க ரயிலில் போக வேண்டும்.

கட்டையின் கனமும் ஒரு சிக்கல். தந்தி உள்ள அக்கவுஸ்டிக் பியானோவில் நடுக்கட்டை ஒன்றை மெதுவாக இறக்கவே சுமார் 50 கிராம் எடை வேண்டும். நல்ல டிஜிட்டலிலும் அந்த எடையைக் கொடுத்துவிடுகிறார்கள், சுத்தியல் தந்தியில் போய் மோதும் அந்தக் கடைசி உணர்வு மட்டும் வராது. என் வீட்டில் இருக்கும் அப்ரைட் என்ற நிமிர்ந்த தந்திப் பியானோவில் உட்கார்ந்தால் சத்தம் போதவில்லை என்று தோன்றி முழங்கையிலிருந்து அடிப்பாள். கொஞ்ச நாளில் முன்கையில் வலி வந்தது. ஆக்டேவ் ஓட்டங்களை முழுதாக நிறுத்திவைத்தோம். பிசியோதெரபிஸ்ட் பார்த்தார், தசை அயர்ச்சிதான் என்றார். அரை மணிக்கு மேல் தொடர்ந்து வாசிக்காமல் எழுந்து நடப்பது, வலி வந்தால் அன்றைக்கு அதோடு மூடிவிடுவது என்று வைத்துக்கொண்டோம். வலி போனது. இதை விரிக்க ஒன்றுமில்லை. வலியோடு வாசிக்க விடக்கூடாது, அவ்வளவுதான்.

கரண்டு போன மதியம்

ஆடி மாதக் காற்று அடித்துக்கொண்டிருந்தது. அவள் அப்ரைட்டில், நான் பக்கத்தில் டிஜிட்டலில். முதல் மெட்டு முடிந்து பியானோ துள்ளலாக ஓடும் பகுதிக்கு வந்திருந்தோம். அங்கே பியானோவின் ஓட்டத்துக்கு அடியில் ஆர்கெஸ்ட்ரா லேசாகத் தொட்டுத் தொட்டுப் போகும். கரண்டு போனது. என் பியானோ செத்துவிட்டது. நான் கையை எடுத்துவிட்டுப் பேசாமல் இருந்தேன்.

அவள் நிற்கவில்லை. ஓட்டத்தை முடித்தாள். அதற்கடுத்து வேகம் தளர்ந்து, செல்லோக்கள் சி மேஜரில் இரண்டாம் மெட்டைப் பாட வேண்டும், அதைக் கேட்டுவிட்டுத்தான் பியானோ அதே மெட்டை வாங்கிக்கொள்ளும். செல்லோக்களின் அந்தப் பார்களை அவள் அப்படியே தாண்டி, நேராகத் தன் மெட்டுக்குப் போய்விட்டாள். நன்றாகவும் வாசித்தாள். ஒரு வரி போன பிறகு நெற்றியைத் துடைத்துக்கொண்டு மேலே பார்த்தாள்.

"மிஸ், கரண்டு போயிருச்சுங்களா?"

"எப்பப் போச்சு கண்ணு?"

"இப்பத்தானுங்களே?"

ஃபேன் நின்றதை வைத்துத்தான் அவளுக்குத் தெரிந்தது. ஆர்கெஸ்ட்ரா நின்றது தெரியவில்லை. எங்கே கோளாறு என்று அதுவரை பிடிபடாமல் இருந்தது அந்த ஒரு கேள்வியில் பிடிபட்டது. வேகம் ஏறிக்கொண்டே போவதற்கும், நுழையும் இடங்களில் ஒரு மூச்சு முந்துவதற்கும், தாளம் தட்டும் மெட்ரோனோம் போட்டால் சரியாகி எடுத்தால் மறுபடி கெடுவதற்கும் வேர் ஒன்றுதான். அவள் தாளில் பார்த்துக்கொண்டிருந்தது தன் வரியை மட்டும். இரண்டு பியானோ புத்தகத்தில் மேலே தனி வாத்தியத்தின் வரிகளும் கீழே ஆர்கெஸ்ட்ராவின் வரிகளும் ஒன்றன் கீழ் ஒன்றாகவே அச்சாகியிருக்கும். கீழ் வரிகளை அவள் ஒருநாளும் படித்ததில்லை. அவளைப் பொறுத்தவரை ஓய்வுப் பார்கள் வெற்றிடம்.

கீழ் வரியிலிருந்து தொடங்கியது

அடுத்த வாரத்திலிருந்து அவளுடைய பகுதியைத் தொடவே விடவில்லை. ஆர்கெஸ்ட்ராவின் பகுதியை அவள் வாசிக்க, தனி வாத்தியத்தை நான் வாசித்தேன். முதலில் கோபம் வந்தது அவளுக்கு. முகத்தில் தெரிந்தது, வாயால் சொல்லவில்லை. டிம்பனியின் உருளலைக் கீழ் ஏ கட்டைகளில் நடுக்கி வாசித்து, அது முற்றும்போது என்னை உள்ளே விட வேண்டும். எத்தனை சத்தத்தில் விட்டால் எனக்கு நுழைய வசதி என்று அவளே தேட வேண்டும். ஓபோ, கிளாரினெட், பாசூன் என்ற காற்று வாத்தியங்கள் சேர்ந்து முதல் மெட்டை எடுக்கும் இடத்தில் நான் வேண்டுமென்றே ஒரு மூச்சு முந்தி நுழைவேன். "மிஸ், நான் இன்னும் முடிக்கவே இல்லீங்களே" என்று ஒருநாள் சொல்லிவிட்டாள். அன்றைக்கு அதற்கு மேல் பாடம் நடத்தத் தேவை இருக்கவில்லை.

செல்லோ மெட்டுக்கு வந்தபோது ஒரு கதை சொன்னேன். 1870இல் ரோமில் கிரீக் இந்தக் கன்செர்ட்டோவின் கையெழுத்துப் பிரதியைப் பியானோ மேதை லிஸ்ட்டிடம் கொண்டுபோனார். லிஸ்ட் அதைப் பார்த்த மாத்திரத்தில் வாசித்தார். அவருக்கு அது பெரிய காரியமில்லை. ஆனால் முதல் பாகத்தை வேகமாக எடுத்துவிட்டதால் தொடக்கம் அள்ளித் தெளித்தாற்போல் ஆனதென்று கிரீக் வீட்டுக்கு எழுதிய கடிதத்தில் சொல்லியிருக்கிறார். வேகத்தைக் கிரீக் காட்டிய பிறகு லிஸ்ட் தனக்கே உரிய விதத்தில் வாசித்தாராம். கூடவே ஒரு விஷயம்: லிஸ்ட்டின் யோசனையைக் கேட்டு இந்த இரண்டாம் மெட்டை டிரம்பெட்டுக்குக் கொடுத்திருந்த கிரீக், பின்னால் அதைச் செல்லோவுக்கே திருப்பினார். 1907இல் இறக்கும்வரை இந்தக் கன்செர்ட்டோவைத் திருத்திக்கொண்டே இருந்தவர் அவர். யார் கையிலிருந்து பியானோ அந்த மெட்டை வாங்குகிறது என்பது அவருக்கு அவ்வளவு முக்கியமாக இருந்திருக்கிறது. அவள் அந்த வாரம் செல்லோவின் வரியை இடது கையால் மட்டும், பெடல் இல்லாமல், வில் இழுக்கிற நீளத்துக்கு இழுத்து இழுத்து வாசித்துக்கொண்டு வந்தாள்.

ஓய்வுப் பார்களை எண்ணுவதுதான் கடைசிவரை முரண்டு பிடித்தது. எண்ணச் சொன்னால் எண்ணுவாள். ஆனால் எண்ணிக்கை முன்னால் ஓடும். இதற்கு வழி அவள் வீட்டிலிருந்தே வந்தது. அவளும் அவளுடைய அத்தை மகளும் ஊர்ப்பக்கம் வள்ளி கும்மிக் குழுவில் ஆடுகிறவர்கள். கொங்கில் இப்போது கோயில் விழா என்றால் வள்ளி கும்மி இல்லாமல் இல்லை. மேட்டுப்பாளையம் தேக்கம்பட்டி பத்ரப்பன் இந்தக் கலைக்காகவே 2024இல் பத்மஸ்ரீ பெற்றார். ஒத்திகைக்கு வந்திருந்த அவளுடைய அப்பாரு, பேத்தி முந்திக்கொண்டு நுழைவதை ரெண்டு மூன்று தடவை கேட்டுவிட்டு, "ஏனம்மணி, கும்மியில வாத்தியார் பாட்டு முடிக்கறதுக்குள்ள நீ கால் எடுத்து வெப்பியா?" என்றார். பியானோவைப் பற்றி அவருக்கு எதுவும் தெரியாது. ஆனால் வட்டத்தில் ஒருத்தி முந்தினால் மொத்த வட்டமும் கலையும் என்று தெரியும்.

அவளை எழுந்து நிற்கச் சொன்னேன். நான் ஆர்கெஸ்ட்ராவை வாசிக்க, அவள் ஹாலைச் சுற்றி அடவு வைத்து நடந்தாள். முதல் மெட்டின் ஓய்வுப் பார்கள் முழுக்க நடந்து, தன் நுழைவுக்கு ஒரு பார் முன்னால் பியானோ முன் வந்து உட்கார்ந்து கையை வைக்க வேண்டும். காலால் கேட்க ஆரம்பித்ததும் எண்ண வேண்டிய தேவையே போய்விட்டது. செல்லோ வரி எங்கே மூச்சு வாங்குகிறது என்று அவளுக்கு உடம்பில் தெரிந்தது. அதன் பிறகு நான் வேண்டுமென்றே இழுத்தாலும் அவள் காத்திருந்தாள். வேகப்படுத்தினால் கூடவே வந்தாள். என் தொழிலில் இதைவிடச் சந்தோஷமான மதியங்கள் எனக்கு அதிகம் இல்லை.

மனப்பாடத்துக்கும் இதையே பிடித்தோம். தாளில் ஆங்கில எழுத்துகள் போட்ட இடங்கள் உண்டு. நான் எந்த எழுத்தைச் சொன்னாலும் அங்கே ஆர்கெஸ்ட்ரா என்ன செய்கிறது என்று முதலில் பாடிக் காட்ட வேண்டும், பிறகுதான் வாசிக்க வேண்டும். கேடன்சாவில் மட்டும் ஆர்கெஸ்ட்ரா கிடையாது. கிரீக்கே எழுதிவைத்த நீளமான தனி வாசிப்பு அது. அதை நான்கைந்து துண்டாக வெட்டி, எந்தத் துண்டின் தலையிலிருந்தும் தொடங்கப் பழகினாள். நடுவில் வழுக்கினால் பின்னால் போய்த் தேடாமல் அடுத்த தலைக்குத் தாவிவிட வேண்டும் என்பது பேச்சு.

சுருதி

அரங்கத்தில் ஒரு பழைய கிராண்ட் பியானோ இருந்தது. நல்ல பியானோ, நெடுநாள் யாரும் தொடாதது. கோவைப் பக்கம் பியானோ வைத்திருக்கும் எல்லாருக்கும் இந்தத் தொல்லை தெரியும். பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்குக் காற்று ஈரத்தோடு வரும் மாதங்களில் ஒலிப்பலகை ஈரம் குடித்துப் பருக்கும், தந்தி இறுகும், நடுப்பகுதியின் சுருதி ஏறும். தை, மாசியில் காய்ந்ததும் இறங்கும். இப்படி ஏறி இறங்கி, அந்தக் கிராண்டின் ஏ சுரம் வழக்கமான 440 ஹெர்ட்ஸுக்குப் பதில் 435 பக்கம் வந்து நின்றது. மொத்தம் 230 தந்திகளை ஒட்டி இருக்கும். எல்லாவற்றையும் ஒரே நாளில் 440க்கு இழுத்தால் மறுநாளே வழுக்கும். முதலில் ஒருமுறை தோராயமாக ஏற்றிவிட்டு, சில வாரம் கழித்து நுணுக்கமாகச் சேர்ப்பதுதான் முறை. டியூனர் வெளியூரிலிருந்து வர வேண்டும், இரண்டு முறை வரவழைக்கக் கையில் பணமில்லை.

அதனால் டியூனரோடு பேசி, கிராண்டை 436இல் தனக்குள் சரியாக இருக்கும்படி சேர்க்கச் சொன்னோம். டிஜிட்டல் பியானோவில் அடிப்படைச் சுருதியை மாற்றும் வசதி இருக்கிறது. அதை 436க்கு இறக்கி வைத்தேன். இரண்டும் பொருந்தின. இரண்டு பியானோ வைத்து எதையாவது மேடையேற்ற நினைக்கும் ஆசிரியர்களுக்கு இந்த வழி உதவும், செலவும் குறைவு. டிஜிட்டலுக்கு யூபிஎஸ் ஒன்றும் வாங்கி வைத்தோம்.

அரங்கத்திலேயே ஒரு முழு நாள் ஒத்திகை கிடைத்தது. அதில் பாதியைப் பியானோக்களின் இடத்தை மாற்றுவதற்கே செலவழித்தோம். கிராண்டின் மூடி திறந்திருக்கும்போது அவளுக்கு என் சத்தம் சரியாகக் கேட்கவில்லை. கடைசியில் டிஜிட்டலின் ஸ்பீக்கர் ஒன்றை அவள் முதுகுக்குப் பின்னால், அரங்கை நோக்கியே வைத்தோம். ஆர்கெஸ்ட்ராவோடு வாசித்தாலும் ஒலியில் ஒரு பங்கு அந்தப் பக்கத்திலிருந்து வரும்.

மேடை

பொங்கல் கழிந்த ஒரு ஞாயிறு மாலை. பனியன் கம்பெனிக்காரர்கள், அவளுடைய பள்ளித் தோழிகள், கோவையின் பியானோ மாணவர்கள், சர்ச் காயர்களில் பாடுகிறவர்கள் என்று அரங்கம் முக்கால்வாசி நிறைந்தது.

டிம்பனி உருளலை வழக்கத்தைவிடக் கொஞ்சம் மெதுவாகவே வளர்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, ஆனால் சரியான இடத்தில் விழுந்தாள். முதல் மெட்டு நன்றாக வந்தது. துள்ளல் ஓட்டத்தில் வலது கையின் நான்காம் விரல் ஓரிரு சுரங்களை விழுங்கியது. வீட்டிலும் விழுங்குகிற இடம்தான். செல்லோ மெட்டில் மடியில் கையை வைத்துக்கொண்டு என் பக்கம் லேசாகத் தலையைச் சாய்த்துக் கேட்டாள். அவள் அந்த மெட்டை வாங்கியபோது அது நான் விட்ட அதே சத்தத்தில், அதே நிறத்தில் தொடங்கி, பிறகு மெல்லத் தனக்கென்று விரிந்தது. இதைச் சொல்லிக் கொடுத்ததாக நான் உரிமை கொண்டாட மாட்டேன். கேட்கிறவளால்தான் அப்படி வாசிக்க முடியும்.

கேடன்சாவின் நடுவில் தடுக்கினாள். அகலமான கார்டுகளுக்கு ஏறுகிற வழியில் இடது கை ஒரு ஆக்டேவ் தவறிப் போனது. ஒரு கணம் பெடலில் ஒலி குழம்பியது, பெடலைத் தூக்கினாள், அடுத்த துண்டின் தலைக்குத் தாவினாள். மூன்று நான்கு பார்கள் காணாமல் போயின. உருப்படி தெரிந்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். கேடன்சா முடிந்து ஆர்கெஸ்ட்ரா திரும்ப நுழையும் இடத்தில் அவசரப்படாமல் கடைசிச் சுரங்களைத் தேயவிட்டு எனக்கு இடம் கொடுத்தாள். தவறிய பிறகு பெரும்பாலான பிள்ளைகள் வேகமெடுத்துத் தப்பிக்கப் பார்ப்பார்கள். அவள் அங்கேயும் காத்திருந்தாள். தொடக்கத்தின் கொட்டல் மறுபடி வந்து முடிந்தது. முடிவுப் பகுதியில் வேகம் நான் விரும்பியதைவிடக் குறைவு. முன்கையை நினைத்து அப்படித்தான் பேசிவைத்திருந்தோம்.

வீட்டுக்குப் போகும் வழியில் அப்பாவிடம் பேசியது கேடன்சாவில் விட்ட பார்களைப் பற்றி மட்டும்தான் என்று பிறகு தெரிந்தது. பதிவைக் கேட்கச் சொல்லி இரண்டு வாரம் கழித்துத்தான் கொடுத்தேன். கேட்டுவிட்டுத் தன் வாசிப்பைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. "மிஸ், காற்று வாத்தியம் வர்ற இடத்துல நீங்க கொஞ்சம் சத்தமா இருக்கீங்க" என்றாள். உண்மைதான். டிஜிட்டலின் ஸ்பீக்கரை அரங்கத்துக்குத் தக்கபடி இன்னும் இறக்கியிருக்கலாம்.

இப்போது

நான்காம் விரல் இன்னும் சரியாகவில்லை. வீட்டில் ஹெட்போன் தொடர்கிறது, மிஷின்கள் ஓடுகிற வீட்டில் அது மாறாது. ஆனால் ஞாயிறு காலை மிஷின்கள் நின்றதும் ஸ்பீக்கரைப் போட்டு ஜன்னலைத் திறந்துவைத்து வாசிக்கிறாள் என்று அவள் அம்மா சொன்னார். கேடன்சாவை மறுபடி எடுக்கவில்லை, பிளஸ் டூ தேர்வு முடியட்டும் என்று வைத்திருக்கிறோம்.

அதற்கப்புறம் இரண்டாம் பாகம். அது டி பிளாட் மேஜரில் நிதானமாகப் போவது. ஒலியை அடக்கும் மியூட் போட்ட தந்தி வாத்தியங்கள் வெகுநேரம் பாடிய பிறகுதான் பியானோ உள்ளே வரும். தந்திகளின் அந்தப் பகுதியைப் போன வாரம் யாரும் கேட்காமலே வாசித்துக் காட்டினாள். பியானோ நுழையும் இடம் வந்ததும் கையை எடுத்துக்கொண்டு, "இனி நீங்க வாசிங்க மிஸ்" என்றாள்.